இணைய ஏலத்தில் கேள்வி கேட்கும் முறையும் நியாயமும்

ஏலம் என்பது நம் நாட்டுக் குடியானவர்களுக்குப் புதிய விஷயமன்று. ஊர்ப் பொதுவில் நிற்கும் புளியமரங்களின் மகசூல், ஏரியின் மீன்பாசி, கோயில் தோப்பின் தேங்காய், சந்தைச் சுங்கம் ஆகியவை ஏலத்தில் விடப்பட்டு வருவதை யாவரும் அறிவர். சாவடியில் கூடியிருப்போர் ஒருவர்மேல் ஒருவராகத் தொகையை உயர்த்திக்கொண்டு போவர். இனி உயர்த்துவார் இல்லை என்ற நிலையில், “ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம்” என்று கூறி ஏலத்தை முடிப்பது வழக்கம்.

இப்பொழுது அச்சாவடி கைக்குள் அடங்கும் செல்பேசிக்குள் வந்துவிட்டது. கடனுக்காகக் கைப்பற்றப்பட்ட டிராக்டர்கள், சர்க்கார் இலாகாக்கள் கழித்துவிட்ட வண்டிகள், பழைய எஞ்சின்கள், பம்பு செட்டுகள் முதலியன இணையத்தின் மூலம் ஏலத்திற்கு வருகின்றன. விளைபொருள்களும் அவ்வாறே விலைபோகின்றன. ஆகவே, குடியானவர் இணைய ஏலத்தில் இரண்டு நிலைகளில் நிற்கிறார். சாதனங்கள் வாங்கும்பொழுது கேட்பவராகவும், மகசூலை விற்கும்பொழுது விற்பவராகவும் அவர் இருக்கிறார். கேட்பவராக இருக்கும்பொழுது தமக்கு அனுகூலமாகத் தோன்றும் தந்திரமே, விற்பவராக இருக்கும்பொழுது தம்மைக் கெடுக்கக்கூடும். இதை மனத்திற் கொண்டு, ஏலத்தில் புத்தியோடு கேட்பது எப்படி, நியாயத்தோடு கேட்பது எப்படி என்னும் இரண்டையும் சேர்த்தே ஆராய்தல் நலம்.

ஏலத்தில் ஒருவர் சொல்லும் தொகைக்குக் கேள்வி என்று பெயர். பெயர் கேள்வியாயினும், உண்மையில் அது ஒரு வாக்கு. “இப்பொருளை இத்தொகைக்கு நான் எடுத்துக்கொள்ளுகிறேன்” என்பதே அதன் பொருள். கீழே கூறப்படும் யாவும் இந்த ஒன்றையே அடிப்படையாகக் கொண்டவை.

ஏலத்தின் வகைகள்

ஏலங்கள் பலவகைப்படும். முதலாவது, மேலே கூறியவாறு தொகையை ஏற்றிக்கொண்டே போகும் பகிரங்க ஏலம். இரண்டாவது, உயர்ந்த விலையில் தொடங்கி இறங்கிக்கொண்டே வருவது. எவர் முதலில் நிறுத்துகிறாரோ அவருக்கே பொருள் சேரும். ஹாலந்து தேசத்தில் ஆல்ஸ்மேர் என்னும் ஊரில் மலர்கள் இம்முறையிலேயே விற்கப்பட்டு வந்திருக்கின்றன. மூன்றாவது, ஒவ்வொருவரும் தம் விலையைப் பிறர் அறியாமல் எழுதிக் கொடுக்க, பின்னர் யாவற்றையும் ஒருங்கே திறந்து பார்க்கும் மறைமுக ஏலம். நம் ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களில் பருத்தி முதலிய சரக்குகள் இவ்வாறு விற்கப்படுகின்றன.

முற்காலத்தில் இவற்றிற்கெல்லாம் புறம்பாக வேறொரு முறை இருந்தது. தரகரும் வியாபாரியும் ஒரு துணியின் கீழ்க் கைகளை வைத்து, விரல்களைத் தொட்டு விலை பேசுவர். பொருளுக்குரியவர் அருகிலேயே நின்றும் என்ன விலை பேசப்பட்டது என்பதை அறியமாட்டார். சந்தைகளில் நடந்து வந்த இத்தகைய ஒழுங்கீனங்களை நீக்கும் பொருட்டே, ஒழுங்குபடுத்தப்பட்ட மார்க்கெட்டுகள் ஏற்பட வேண்டுமென 1928-இல் ராயல் விவசாயக் கமிஷன் சிபாரிசு செய்தது. சென்னை மாகாணத்தில் 1933-இல் வியாபாரப் பயிர்கள் மார்க்கெட் சட்டம் பிறந்தது. விலை வெளிச்சத்தில் பேசப்பட வேண்டும் என்பதே இவற்றின் நோக்கம். இணைய ஏலமும் அவ்வழியிலே வந்த அடுத்த படி என்று கொள்ளலாம். ஆனால், துணியை எடுத்துவிட்டால் மட்டும் கை சுத்தமாகிவிடாது.

இணைய ஏலம் தோன்றிய விதம்

அமெரிக்காவில் 1995-ஆம் ஆண்டு செப்டம்பரில் பியர் ஒமிடியார் என்பவர் ‘ஆக்ஷன்வெப்’ என்ற பெயரில் ஓர் ஏலத்தளத்தைத் தொடங்கினார். அதில் முதன்முதலாக விற்பனையான பொருள் உடைந்துபோன ஒரு லேசர் சுட்டுக்கோல், விலை 14.83 டாலர். அத்தளமே 1997-இல் ‘ஈபே’ என்னும் பெயரைப் பெற்றது. 2004-இல் அது இந்தியாவிலிருந்த ‘பாஸீ’ என்னும் தளத்தை வாங்கி இங்கும் நடைபெற்று வந்தது. அதன் இந்தியத் தளம் 2018-இல் மூடப்பட்டது.

எனினும் இணைய ஏலம் நம் நாட்டைவிட்டுப் போய்விடவில்லை. மத்திய சர்க்காருக்குச் சேர்ந்ததும் 1964-இல் நிறுவப்பெற்றதுமான எம்.எஸ்.டி.சி. என்னும் ஸ்தாபனம், கழிவுப் பொருள்களையும் பழைய வண்டி வாகனங்களையும் இணைய வழியில் ஏலம் விடுகிறது. போடிநாயக்கனூரில் ஏலக்காய் விற்பனை 2007-08-ஆம் ஆண்டு முதல் வாய்மொழியினின்று கணினிக்கு மாறியது. அங்கே வியாபாரிகள் மாதிரியைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே, தம் முன்னுள்ள கணினியில் விலையைப் பதிவு செய்கின்றனர். 2016 ஏப்ரல் 14-ந் தேதி 8 ராஜ்யங்களிலுள்ள 21 மண்டிகளைக் கொண்டு தொடங்கப்பெற்ற ‘இ-நாம்’ என்னும் தேசிய வேளாண் சந்தையில் இன்று 1,300-க்கு மேற்பட்ட மண்டிகள் இணைந்துள்ளன.

எதுவரை கேட்பது?

ஏலத்தில் இறங்குவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்றே. அப்பொருள் தமக்கு எவ்வளவு பெறும் என்பதை வீட்டிலிருந்தே கணக்கிட்டு, ஒரு காகிதத்தில் எழுதி வைத்தல் வேண்டும்.

உதாரணமாக, பழைய பவர் டில்லர் ஒன்று ஏலத்திற்கு வருகிறதென வைத்துக்கொள்வோம். அதைப்போன்ற ஒன்று பழுதுபார்த்து ஓடும் நிலையில் அக்கம்பக்கத்தில் ரூ.90,000-க்குக் கிடைக்குமாயின், அதிலிருந்து பழுதுபார்க்கும் செலவு ரூ.18,000, ஏற்றி இறக்கிக் கொணரும் செலவு ரூ.5,000, பதிவு, கட்டணம், வரி முதலியவை ரூ.3,000, எதிர்பாராத செலவு ரூ.4,000 ஆகியவற்றைக் கழிக்க வேண்டும். மிஞ்சுவது ரூ.60,000. அதுவே எல்லை. அதற்குமேல் ஒரு ரூபாயேனும் போகுமாயின், அப்பொருளை வெளியிலேயே வாங்கிவிடலாம். ஏலத்திற்கு வந்ததால் அனுகூலம் ஒன்றுமில்லை.

எல்லையைக் கண்டபின் கேட்கும் விதம், ஏலத்தின் விதியைப் பொறுத்தது. சில தளங்களில் ஒருவர் தம் எல்லையை முன்னதாகவே பதிந்துவிடலாம். கணினி அவருடைய பிரதிநிதியாக நின்று, பிறர் கேட்கக் கேட்க, அவர்களைவிட ஒரு படி மட்டும் அதிகமாகக் கேட்டுக்கொண்டு வரும். ஒருவரது எல்லை ரூ.60,000, இரண்டாமவரது எல்லை ரூ.52,000, மூன்றாமவரது எல்லை ரூ.45,000, ஒரு படி ரூ.500 எனின், முதலாமவருக்குப் பொருள் ரூ.52,500-க்குக் கிடைக்கும். அவர் செலுத்துவது தம் எல்லையையன்று. தமக்கு அடுத்தவருடைய எல்லைக்குச் சற்று மேற்பட்டதையே.

இம்முறையில் எல்லையைக் குறைத்துச் சொல்வதாலும் கூட்டிச் சொல்வதாலும் யாதொரு லாபமுமில்லை. முதலாமவர் கபடமாக ரூ.50,000 என்று பதிந்திருந்தால், பொருள் இரண்டாமவருக்கு ரூ.50,500-க்குப் போய்விடும். ரூ.52,500-க்குப் பெற்று ரூ.7,500 மிச்சம் பிடித்திருக்கக்கூடிய சந்தர்ப்பம் கைநழுவிப்போம். எப்படியும் வென்றுவிட வேண்டுமென்று ரூ.70,000 என்று பதிந்து, ரூ.66,000 எல்லையுடைய வேறொருவரும் வந்து சேர்வாராயின், ரூ.66,500 கொடுத்து ரூ.6,500 நஷ்டப்பட நேரும். உள்ளதை உள்ளபடி பதிவதே இங்கு சிறந்த உபாயம். கொலம்பியா சர்வகலாசாலையைச் சேர்ந்த வில்லியம் விக்ரி என்னும் பொருளாதார அறிஞர், அடுத்தவர் சொன்ன விலையையே வென்றவர் செலுத்தும் ஏலத்தைக் குறித்து 1961-இல் இவ்வுண்மையை நிறுவிக் காட்டினார். 1996-இல் அவருக்கு நோபல் பரிசு அளிக்கப்பட்டது. தபால்தலை சேகரிப்போர் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே தபால் மூலம் இம்மாதிரி ஏலங்களை நடத்தி வந்தனர் என்பதும் கவனிக்கத்தக்கது.

மறைமுக ஏலத்தில் நிலைமை வேறு. அங்கு ஒருவர் எழுதிய தொகையையே அவர் செலுத்த வேண்டும். ஆதலால் எல்லையை அப்படியே எழுதுபவருக்கு மிச்சம் ஒன்றுமிராது. அதற்குச் சற்றுக் குறைத்தே எழுதுதல் முறையாகும். போட்டியாளர் பலராயின் சிறிதளவும், சிலராயின் சற்று அதிகமாகவும் குறைக்கலாம். இவ்வாறு குறைத்து எழுதுவது பொய்யாகுமோ என்று சிலர் ஐயுறலாம். ஆகாது. கேள்வி என்பது “இப்பொருள் இவ்வளவுதான் பெறும்” என்னும் சாட்சியமன்று. “இவ்வளவு கொடுப்பேன்” என்னும் வாக்கேயாம். வாக்கைக் காப்பாற்றுகிறவரையில் அதில் குற்றமில்லை.

வென்றவர் நஷ்டப்படுவது ஏன்?

ஏலத்தில் வென்றவரே சில வேளை அதிக நஷ்டத்திற்கு உள்ளாவதுண்டு. அமெரிக்காவில் கடலுக்கடியிலுள்ள எண்ணெய் நிலங்களை ஏலத்தில் எடுத்த கம்பெனிகள் எதிர்பார்த்த லாபத்தை அடையாததன் காரணத்தை, அத்தொழிலைச் சேர்ந்த எஞ்சினியர்கள் மூவர் 1971-இல் எழுதி விளக்கினர். நிலத்தில் எவ்வளவு எண்ணெய் உண்டு என்பது எவருக்கும் நிச்சயமாகத் தெரியாது. ஒவ்வொருவரும் ஒவ்வொரு மதிப்புப் போடுகின்றனர். சிலர் குறைத்தும் சிலர் மிகுத்தும் மதிப்பர். ஏலம் யாருக்குச் சேருகிறது? எல்லோரினும் மிகுத்து மதித்தவருக்கே. அதாவது, வெற்றி பெறுவதே மதிப்பில் தவறியதற்கு அறிகுறியாகிவிடுகிறது.

நம் ஏரி மீன்பாசிக் குத்தகையிலும் இதுவே நடக்கிறது. தண்ணீருக்குள் எவ்வளவு மீன் உண்டு என்று கரையில் நிற்பவர் யாருக்கும் தெரியாது. பழைய எஞ்சினின் உள்ளிருக்கும் தேய்மானமும் அப்படியே. இணைய ஏலத்தில் பொருள் கண்ணுக்கு நேரில் இல்லாமல் படத்தில் மட்டும் காணப்படுவதால் இவ்வபாயம் இன்னும் மிகுதி. “உள்ளது உள்ளபடி, இருந்த இடத்தில்” என்னும் நிபந்தனையோடு விற்கப்படும் பொருளில் பின்னர்க் காணும் குறைகளுக்கு விற்பவரைக் குறைகூற இடமிராது. ஆகையால், பார்வையிட அனுமதிக்கப்பட்ட நாளில் தொழில் தெரிந்த மெக்கானிக் ஒருவரை அழைத்துச் சென்று பொருளை நேரில் பார்த்தல் அவசியம். பார்க்க இயலாத பொருளுக்கு எல்லையை வெகுவாகக் குறைத்துக்கொள்ள வேண்டும். அல்லது கேளாதிருப்பதே மேல்.

போட்டியின் சூட்டில் எல்லையை மறப்பது இன்னொரு கேடு. எதிராளி யார் என்றே தெரியாத இணையத்தில்கூட, “அவன் எடுத்துவிடுவதா?” என்ற ரோஷம் எழுவது இயல்பு. எழுதி வைத்த காகிதம் இதற்காகத்தான். அன்று தோற்ற பொருளைப்போல் இன்னொன்று அடுத்த மாதம் வரும். கடன்பட்டுக் கொடுத்த பணம் திரும்பி வராது.

கடைசி நொடியிற் கேட்டல் தவறா?

முடிவு நேரம் குறிப்பிட்டுள்ள இணைய ஏலங்களில், சிலர் நாள் முழுவதும் வாளாவிருந்து, முடிவிற்குச் சில நொடிகளே உள்ளபொழுது திடீரெனத் தோன்றிக் கேட்பர். முன்னரே கேட்டிருந்தவருக்கு மேலும் உயர்த்த அவகாசமிராது. இது நியாயமா என்ற கேள்வி அடிக்கடி எழுகிறது.

ஆல்வின் ராத், ஆக்ஸெல் ஓக்கென்ஃபெல்ஸ் என்னும் இரு பேராசிரியர்கள் இதை ஆராய்ந்து 2002-இல் வெளியிட்டனர். குறித்த நொடியில் ஏலம் முடிந்துவிடும் ஈபே தளத்தையும், கடைசிப் பத்து நிமிஷத்துக்குள் எவரேனும் கேட்டால் ஏலம் மேலும் நீட்டிக்கப்படும் என்ற விதியுடன் அக்காலத்தில் அமேஸான் நடத்திய ஏலத்தையும் அவர்கள் ஒப்பிட்டனர். கடைசி நேரக் கேள்விகள் ஈபேயில் மிகுதியாகவும் அமேஸானில் வெகு குறைவாகவும் இருக்கக் கண்டனர். ஈபேயிலும், கணினிகளைவிடப் பழம்பொருள்களுக்கே இவ்வழக்கம் அதிகம். பழம்பொருளின் தரம் தெரிந்தவர் முன்னதாகக் கேட்டுவிட்டால், அவர் கேட்பதைக் கண்டே மற்றவரும் அப்பொருள் நல்லதென்று அறிந்து விலையை உயர்த்திவிடுவர். பாடுபட்டுக் கற்ற அறிவை இலவசமாக விளம்பரம் செய்ய அவர் விரும்பாதது இயற்கையே.

எனவே, விதிக்குட்பட்டுக் கடைசி நொடியில் கேட்பதைக் குற்றமென்று சொல்லுவதற்கில்லை. எல்லையை உண்மையாகப் பதிந்திருப்பவருக்கு அதனால் வருத்தப்பட இடமுமில்லை. கடைசி நொடியில் வந்தவர் அவ்வெல்லைக்கு மேல் கேட்டிருந்தால், அப்பொருள் அவருக்குச் சேர வேண்டியதே. கீழே கேட்டிருந்தால் வெல்லமாட்டார். பின்னர் உயர்த்திக்கொள்ளலாம் என்று எல்லையை மறைத்து வைத்திருந்தவரே ஏமாறுகிறார். ஆனால், கிராமங்களில் இணையத் தொடர்பு தடைப்படுவது சகஜமாகையால், கடைசி நொடியை நம்பியிருப்பது நமக்கு உசிதமன்று.

இங்கே ஒரு செய்தி கவனித்தற்குரியது. நம் சாவடி ஏலத்தில் “இரண்டு தரம்” என்று சொன்ன பிறகும் ஒருவர் உயர்த்திக் கேட்டால், மறுபடியும் “ஒரு தரம்” என்றே எண்ணத் தொடங்குகின்றனர். ஒவ்வொருவருக்கும் மறுமொழி சொல்ல அவகாசம் கொடுக்கும் இவ்வேற்பாடும், நேரத்தை நீட்டிக்கும் கணினி விதியும் ஒன்றே. சர்க்கார் இணைய ஏலங்கள் பலவற்றிலும் கடைசிச் சில நிமிஷங்களில் கேள்வி வந்தால் நேரம் நீட்டிக்கப்படுகிறது. எந்த ஏலத்திற்கு எந்த விதி என்பதை முன்னரே படித்தறிந்து இறங்குதல் வேண்டும்.

ஆள் வைத்து விலையை ஏற்றுதல்

இனி, உண்மையில் குற்றமாவன எவை என்று பார்ப்போம். விற்பவர் தாமே வேறொரு பெயரிலோ, தம் மைத்துனரையோ நண்பரையோ கொண்டோ தம் பொருளுக்குக் கேள்வி கேட்கச் செய்து விலையை ஏற்றுவது முதற் குற்றம். இங்கே கேட்பவருக்கு வாங்கும் எண்ணமே இல்லை. ஆகையால், அவருடைய கேள்வி வாக்கன்று, பொய்.

2000-ஆம் ஆண்டில் ஈபே தளத்தில் 25 சென்ட்டுக்கு ஏலம் தொடங்கிய ஓர் ஓவியம், பெயர்பெற்ற ஓவியர் ஒருவருடையதாயிருக்கலாம் என்னும் நம்பிக்கையை உண்டாக்கி, 1,35,805 டாலர் வரை ஏறியது. விற்றவரே வேறு பெயர்களில் கேள்வி கேட்டிருந்தது வெளிப்பட்டு, விற்பனை ரத்தாயிற்று. பின்னர் அவர் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். பெயரை மாற்றிக்கொள்வது இணையத்தில் எளிதாயினும், எழுதப்பட்ட தடம் அழிவதில்லை.

நம் நாட்டில் இதற்குச் சட்டம் முன்பே உண்டு. 1930-ஆம் வருஷத்துச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 64-வது பிரிவு ஏலத்தைப் பற்றியது. கேட்கும் உரிமை தமக்கும் உண்டென்று விற்பவர் முன்கூட்டி அறிவித்திராவிட்டால், அவர் தாமாகவோ பிறரைக் கொண்டோ கேட்பது சட்டவிரோதமாகும். பொய்க் கேள்வியால் விலையை ஏற்றியிருந்தால், வாங்கியவர் விரும்பினால் அவ்விற்பனையைத் தள்ளிவிடலாம். இவ்வளவு விலைக்குக் குறைந்து தரமாட்டேன் என்று குறைந்தபட்ச விலையை முன்பே அறிவித்துக்கொள்ளவும் அதே பிரிவு இடமளிக்கிறது. நேர்வழி இருக்கும்பொழுது குறுக்குவழி எதற்கு?

கூடிப் பேசிக் கேளாதிருத்தல்

விலையைப் பொய்யாக ஏற்றுவது எவ்வளவு குற்றமோ, பொய்யாக அமுக்குவதும் அவ்வளவு குற்றமே. கேட்பவர் யாவரும் இரகசியமாகக் கூடி, “நீ இதைக் கேள், நான் அதைக் கேட்கிறேன், ஒருவர் பொருளில் மற்றவர் தலையிட வேண்டாம்” என்று ஏற்பாடு செய்துகொள்வதே அது. ஊர்ப் புளியமர ஏலத்தில் இதைக் கட்டுப்பாடு என்று நல்ல பெயரிட்டு அழைப்பாருமுண்டு. அதனால் குறைவது யாருடைய பணம்? குடிதண்ணீருக்கும் தெருவிளக்கிற்கும் ஊருக்கு வர வேண்டிய பணமே. 2002-ஆம் வருஷத்துப் போட்டிச் சட்டத்தின் 3-வது பிரிவு, ஏலத்தில் இவ்வாறு கூட்டுச்சதி செய்வதை வெளிப்படையாகவே தடுக்கிறது.

கைப்பற்றப்பட்ட டிராக்டர் ஏலத்தில் இதை இன்னும் நன்றாக உணரலாம். அந்த டிராக்டர் நேற்றுவரை இன்னொரு குடியானவருடைய வயலில் உழுது வந்தது. மழை பொய்த்தோ, விலை வீழ்ந்தோ, அவர் தவணை கட்ட முடியாமற் போயிற்று. அதை ஏலத்தில் வாங்குவது பாவம் என்று சிலர் ஒதுங்குவர். அவ்வாறு எண்ண வேண்டுவதில்லை. விற்ற தொகை அவருடைய கடனிலேயே வரவு வைக்கப்படும். விலை நியாயமாகப் போனால் அவருடைய பாக்கி குறையும். கடனுக்கு மேற்பட்டால் மிச்சம் அவரைச் சேரும். கூடிப் பேசி அரை விலைக்கு எடுப்பார்களாயின், டிராக்டரும் போய், மீதிக் கடனும் அவர் தலைமேல் நிற்கும். நேர்மையான போட்டியே அவருக்கு அயலார் செய்யக்கூடிய உதவி.

அப்படியானால், அயலார் இருவர் ஒரே பொருளை விரும்பும்பொழுது ஒருவர் விட்டுக்கொடுக்கலாகாதா? ஒருவர் தாமாகவே, கைம்மாறு கருதாமல் ஒதுங்கிக்கொள்வது அவருடைய இஷ்டம். கைம்மாறு பேசி ஒதுங்குவதே சதி. அதுபோலவே, நாலைந்து சிறு குடியானவர்கள் சேர்ந்து பொதுவில் உபயோகிக்க ஒரு கதிரடிக்கும் இயந்திரத்தைப் பகிரங்கமாக ஒரே பெயரில் கேட்பதில் தவறில்லை. தனித்தனியே வாங்கச் சக்தியற்றவர்கள் கூடிக் கேட்பதால் போட்டிக்கு ஓர் ஆள் கூடுகிறது. சதியினால் ஆள் குறைகிறது. வித்தியாசம் இதுவே. பொருளில் இல்லாத குறையை இருப்பதாகப் பரப்பி மற்றவரை விலகச் செய்வதும் சதியோடு சேர்ந்ததே.

வாக்குத் தவறுதல்

கேள்வி கேட்டு வென்றபின் பணம் கட்டாமல் நழுவுவது மற்றொரு குற்றம். செல்பேசியில் விரலால் தொட்டுவிட்டதைச் சாவடியில் வாய்விட்டுச் சொன்னதைப்போல் பலர் எண்ணுவதில்லை. சட்டப்படி, ஏலம் முடிந்ததாக அறிவிக்கப்படும்வரை கேட்டவர் தம் கேள்வியைத் திரும்பப் பெறலாம். ஆயினும், அவரை நம்பிப் பிறர் விலகிச் சென்றபின் திரும்பப் பெறுவதால் விற்பவருக்கு நேரும் நஷ்டம் பெரிது. கூட்டாளி ஒருவரைக் கொண்டு மிக உயர்ந்த தொகை கேட்கச் செய்து, பிறர் அஞ்சி விலகியதும் அதைத் திரும்பப் பெறச் செய்து, தாம் குறைந்த விலைக்கு எடுத்துக்கொள்ளும் மோசமும் இணையத்தில் நடந்ததுண்டு. இதனாலேயே பல ஏலங்களில் முன்வைப்புத் தொகை வாங்குகின்றனர். வாக்குத் தவறினால் அத்தொகை பறிமுதலாகும்.

விற்பவருக்கும் இதில் கடமையுண்டு. சட்டத்தில் பிளவுபட்ட எஞ்சினுக்கு வர்ணம் பூசிப் படம் பிடித்தலும், மூட்டையின் மேலே நல்ல சரக்கையும் அடியில் மட்டமானதையும் வைத்தலும், எதிர்பார்த்த விலை வரவில்லையென்று ஏலம் முடிந்தபின் பொருளை மறுத்தலும் வாக்குத் தவறுதலேயாகும்.

விளைபொருள் விற்போர் கவனிக்க

விளைபொருளை ஏலத்தில் விற்கும் குடியானவருக்கு நல்ல விலை தருவது எது? சாமர்த்தியமான பேச்சன்று, கேட்போரின் எண்ணிக்கையே. இருவர் மட்டும் கேட்கும் ஏலத்தில் அவர்கள் கூடிப் பேசிக்கொள்வது எளிது. பதின்மர் கேட்டால் அரிது. ஆகவே, கேட்போர் அதிகமாக வரும் நாளையும் கூடத்தையும் அறிந்து சரக்கைக் கொண்டுசெல்ல வேண்டும். தூரத்திலுள்ள வியாபாரி சரக்கை நேரில் காணாமல் கேட்க வேண்டுமாயின், அவருக்கு ஆதாரம் தரப்பரிசோதனைச் சீட்டு ஒன்றே. ஈரத்தைப் போக்கி, தூசு நீக்கி, தரம் பிரித்துக் கொடுத்தால், கேட்பவர் பயத்திற்காகக் கழிக்கும் தொகை குறையும். வென்றவர் நஷ்டப்படுவதைப் பற்றி மேலே கூறியது இங்கே விற்பவருக்குப் பயன்படுகிறது. சந்தேகம் எவ்வளவு குறைகிறதோ, அவ்வளவு விலை கூடும்.

இ-நாம் ஏலத்தில் வந்த விலையை ஏற்கவும் மறுக்கவும் குடியானவருக்கு உரிமையுண்டு. கிரயப்படி, ஏற்றுக்கூலி, சேமிப்பு வசதி ஆகியவற்றைக் கணக்கிட்டு, இதற்குக் கீழ் தருவதில்லை என்று ஓர் எல்லையை விற்பவரும் முன்னதாகவே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். மறுத்த சரக்கை உடனே பாதி விலைக்கு வெளியில் தள்ளிவிட்டு வருவதில் பயனில்லை.

சுருக்கம்

ஏலத்தில் இறங்குவோர் அனுசரிக்க வேண்டியவை வருமாறு:

1. தளம் உண்மையானதா என்று சம்பந்தப்பட்ட வங்கியிலோ இலாகாவிலோ நேரில் விசாரித்தபின்னரே முன்பணம் கட்டுக. செல்பேசியில் வரும் இரகசிய எண்ணை எவருக்கும் சொல்லற்க.

2. முடிவு நேரம், நீட்டிப்பு, படித்தொகை, வரி, கட்டணம், பொருளை எடுத்துச் செல்ல வேண்டிய தவணை ஆகிய நிபந்தனைகளைப் படித்தறிக.

3. பொருளை நேரில் பார்வையிடுக. எல்லாச் செலவுகளையும் கழித்து எல்லையை எழுதி வைக்க.

4. எல்லையை முன்பதிவு செய்யும் ஏலத்தில் உள்ளபடியே பதிக. மறைமுக ஏலத்தில் சற்றுக் குறைத்து எழுதுக. எதிலும் எல்லையைக் கடவற்க.

5. வாங்கும் எண்ணமில்லாமல் கேட்கவும் வேண்டாம். விலையை அமுக்க ஒருவரோடும் சேரவும் வேண்டாம்.

6. வென்றால் குறித்த தவணைக்குள் பணம் கட்டுக. தோற்றால் அடுத்த ஏலத்திற்குக் காத்திருக்க.

சாவடி ஏலத்தில் பொய்க் கேள்வி கேட்பவரை ஊரார் அடையாளம் கண்டுகொள்வர். மறு ஏலத்தில் அவர் சொல்லுக்கு மதிப்பிராது. இணைய ஏலத்தில் முகம் தெரியாது. ஆயினும், மறுமுனையில் இருப்பவர், தம் மஞ்சள் மூட்டைக்கு என்ன விலை வருமோ என்று விற்பனைக்கூடத் திண்ணையில் காத்திருக்கும் ஒரு குடியானவராக இருக்கக்கூடும். இன்று கேட்பவராக இருப்பவர் நாளை அத்திண்ணையில் அமர வேண்டியவரே. தமக்கு எத்தகைய கேள்விகள் வர வேண்டுமென்று அன்று விரும்புவாரோ, அத்தகைய கேள்விகளையே இன்று கேட்பாராக.